கொலம்பசுக்கு முந்தைய அமெரிக்க நாகரிகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தெந்த நிலப்பகுதிகளில் இந்த நாகரிகங்கள் தோன்றின?

ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் நகரங்களும் அரசுகளும் முதன்மையாக இரண்டு பகுதிகளில் தழைத்தன. ஒன்று, மெக்சிகோவின் நடுப்பகுதியிலிருந்து குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் வரை நீளும் நிலம். இதனை ஆய்வாளர்கள் மெசோஅமெரிக்கா என்பர். மற்றொன்று, பெருவையும் பொலிவியாவையும் மையமாகக் கொண்ட ஆண்டீஸ் மலைத்தொடரும், அதற்கு மேற்கே பசிபிக் பெருங்கடலை ஒட்டிய பாலைவனக் கடற்கரையும். இரண்டு இடங்களிலும் நாகரிகம் எவரிடமிருந்தும் கடன் பெறப்படாமல் அங்கேயே முளைத்து வளர்ந்தது. மெசபடோமியா, எகிப்து, சிந்துவெளி, சீனம் ஆகிய நான்கையும் சொல்லிவிட்டு நின்றுவிடும் பாடநூல் பட்டியலில் இவ்விரண்டுக்கும் இடம் இல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

அங்கு மனிதர்கள் எப்போது சென்றனர்?

பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, சைபீரியாவும் அலாஸ்காவும் நிலத்தால் இணைந்திருந்தன. அவ்வழியே வந்த மக்களே அமெரிக்கப் பழங்குடிகளின் முன்னோர். சிலி நாட்டின் மோன்டே வெர்டே என்ற இடத்தில் சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பின் தடயங்கள் கிடைத்துள்ளன. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸ் பகுதியில் வற்றிப்போன ஏரிப்படுகையில் பதிந்திருந்த மனிதக் காலடிச் சுவடுகள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. பனி உருகிக் கடல் உயர்ந்தபின் இந்த மக்கள் ஏனைய உலகிலிருந்து துண்டிக்கப்பட்டனர். பயிர்த்தொழில், கட்டுமானம், கணிதம், எழுத்து என அதற்குப் பின் அவர்கள் அடைந்தவை எல்லாம் தாமே கண்டறிந்தவை.

அமெரிக்காவின் மிகப் பழமையான நகரம் எது?

பெருவின் தலைநகர் லிமாவுக்கு வடக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், சூப்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள கரால், இன்று வரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழமையான நகரங்களில் ஒன்று. மணல் மூடிய மேடுகளாகவே நெடுங்காலம் கிடந்த அவ்விடத்தில், பெருவைச் சேர்ந்த தொல்லியலாளர் ரூத் ஷேடி 1990-களில் அகழாய்வைத் தொடங்கினார். அவை இயற்கையான குன்றுகள் அல்ல, படிகளும் முற்றங்களும் கொண்ட பிரமிடுகள் என்பது தெரியவந்தது. 2001-இல் வெளியான கார்பன் காலக்கணிப்பு முடிவுகள் கராலை கி.மு. 2600-ஐ ஒட்டிய காலத்தில் வைத்தன. எகிப்தின் கீசாவில் பெரிய பிரமிடு எழுந்ததும் சிந்துவெளியில் மொகஞ்சதாரோ செழித்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 2009-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

காலத்தைத் துல்லியமாக அறிய முடிந்ததற்கு ஓர் எளிய பொருள் காரணம். பிரமிடுகளின் உட்பகுதியை நிரப்பக் கராலின் தொழிலாளர்கள் கோரைப்புல்லால் பின்னிய பைகளில் கற்களைக் கட்டி, பையோடு சேர்த்தே அடுக்கியிருந்தனர்; இந்தப் பைகளுக்கு ஷிக்ரா என்று பெயர். நிலநடுக்கம் மிகுந்த அந்நிலத்தில், அதிரும்போது பைக்குள் கற்கள் சற்றே நகர்ந்து மீண்டும் அமர்ந்துகொள்வதால் கட்டடம் சரியாமல் நின்றது எனப் பொறியியலாளர்கள் விளக்குகின்றனர். புல் ஓராண்டில் வளர்ந்து அறுக்கப்படுவது என்பதால், அதன் வயதே கட்டடத்தின் வயது. பாலைவனத்தின் வறட்சி அந்தப் புல்லை நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் காத்துவைத்திருந்தது.

மட்பாண்டம்கூட இல்லாத ஊரை நகரம் என்று சொல்லலாமா?

கராலைப் பற்றி அறிபவர்களுக்கு இயல்பாக எழும் ஐயம் இது. அங்கே மண்பானை இல்லை. சுரைக்குடுவைகளே பாத்திரங்களாக இருந்தன. உலோகம் இல்லை, எழுத்து இல்லை, நகரைச் சூழ்ந்த கோட்டைச் சுவரும் இல்லை. ஆனால் திட்டமிட்டு அமைக்கப்பட்ட பிரமிடுகள், தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்த வட்டவடிவ முற்றங்கள், வசதிக்கேற்ப வேறுபட்ட குடியிருப்புகள் எல்லாம் இருந்தன. பறவைகளின் எலும்பில் செய்த 32 புல்லாங்குழல்கள் ஒரே இடத்தில் புதைத்து வைக்கப்பட்டிருந்தன.

கடலிலிருந்து இருபது கி.மீ.க்கும் மேல் உள்ளே தள்ளி இருந்தும், அங்கு வாழ்ந்தோர் நெத்திலி வகை மீன்களையும் சிப்பிகளையும் ஏராளமாக உண்டிருக்கின்றனர். அவர்கள் வயலில் விளைவித்த முதன்மையான பொருள்களுள் ஒன்று பருத்தி. பருத்தி நூலில் கடற்கரை மக்கள் வலை பின்னினர். சுரைக்காயை மிதவையாகக் கட்டினர். பிடித்த மீனை உள்நாட்டுக்கு அனுப்பினர். தானிய வேளாண்மையின் உபரியில்தான் நாகரிகம் பிறக்கும் என்ற பழைய விதிக்கு மாறாக, ஆண்டீஸ் நாகரிகத்தின் அடித்தளம் கடலே என்று மைக்கேல் மோஸ்லி என்ற தொல்லியலாளர் 1975-இல் முன்வைத்த கருத்துக்குக் கரால் புது வலிமை தந்தது. மக்காச்சோளமும் அங்கே இருந்தது. அன்றாட உணவில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. பானை இருந்ததா, சக்கரம் இருந்ததா என்று பொருள்களை எண்ணி நாகரிகத்தை அளக்கும் முறை கராலின் வாசலிலேயே தோற்றுவிடுகிறது. பெருந்திரளான மக்கள் கூடி, உழைப்பைப் பங்கிட்டு, தலைமுறைகளைக் கடந்து ஒன்றைக் கட்டி எழுப்பும் ஒழுங்கையே நாம் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

அம்மக்கள் உருவாக்கிய பயிர்கள் எவை?

இதற்கான விடையின் பாதி நம் அஞ்சறைப்பெட்டியிலும் காய்கறிக் கூடையிலும் உள்ளது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, சீத்தாப்பழம் ஆகிய அனைத்தும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் பேணி வளர்த்துத் தந்தவை. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியே வந்த புதிய காரத்துக்கு நம் முன்னோர், ஏற்கெனவே அறிந்த மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்று பெயரிட்டனர். சங்கப் பாடல்களில் கறி என வரும் காரப்பொருள் மிளகேயன்றி மிளகாய் அன்று.

இவற்றுள் வியப்புக்குரியது மக்காச்சோளம். தென்மேற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பகுதியில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து மனிதர்கள் அதனை உருவாக்கத் தொடங்கினர். அந்தப் புல்லின் கதிரில் கல்போன்ற ஓட்டுக்குள் அடைபட்ட ஒருசில மணிகளே இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒரே குடும்பம் என்று நம்பமாட்டார். அதைச் சமைக்கும் முறையிலும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. சுண்ணாம்பு கலந்த நீரில் சோளத்தை வேகவைத்து ஊறவிட்டுப் பின்பு அரைத்தனர். அதனால் அதில் அடங்கிய நியாசின் என்னும் வைட்டமின் உடலில் சேரும் நிலையை அடைந்தது. சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே முழு உணவாகக் கொண்ட ஏழைகள் பெலக்ரா என்ற நோய்க்கு ஆளாயினர்.

ஒல்மெக் தலைகள் யாருடையவை?

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெராக்ரூஸ், தபாஸ்கோ மாநிலங்களின் சதுப்பு நிலத்தில் கி.மு. 1400 முதல் கி.மு. 400 வரை செழித்தவர்களையே ஒல்மெக்குகள் என்கிறோம். ரப்பர் நாட்டார் எனப் பொருள்படும் இப்பெயர் பிற்கால மக்களின் நாவாட்டில் மொழிச் சொல். அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதற்குச் சான்றில்லை. சான் லோரென்சோ, லா வென்டா முதலிய இடங்களில் இதுவரை 17 மாபெரும் கல்தலைகள் கிடைத்துள்ளன. மிகப் பெரியது 3 மீட்டருக்கும் கூடுதலான உயரம் கொண்டது. துஸ்ட்லா மலையின் எரிமலைப் பாறையைச் சக்கரமோ இழுவை விலங்கோ இல்லாமல் பல பத்துக் கி.மீ. கொண்டுவந்து செதுக்கியிருக்கின்றனர். ஒவ்வொரு முகமும் தலையணியும் தனித்தன்மையோடு இருப்பதால் இவை ஆட்சியாளர்களின் உருவங்கள் எனப் பெரும்பாலோர் கருதுகின்றனர். தடித்த உதடுகளையும் அகன்ற மூக்கையும் காட்டி, இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று கூறுவோர் உண்டு. அதற்கு எந்தத் தொல்பொருள் சான்றும் இல்லை. அதே முகச்சாயலை அந்தப் பகுதிப் பழங்குடி மக்களிடம் இன்றும் காணலாம்.

அரசர் சிலையே இல்லாத பெருநகரம் ஒன்று இருந்ததாகச் சொல்லப்படுவது உண்மையா?

மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே உள்ள தியோட்டிவாக்கானைப் பற்றிய செய்தி அது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வாழ்ந்த அந்நகரில், சுமார் 65 மீட்டர் உயரமுள்ள சூரியப் பிரமிடு நிற்கிறது; ஆனால் இன்னார் ஆண்டார் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓர் அரசரின் பெயரோ உருவமோ கிடைக்கவில்லை. என்னை அதைவிட ஈர்ப்பது அங்குள்ள வீடுகள். நடுவே முற்றம் வைத்து, பல குடும்பங்கள் சேர்ந்து வாழும்படி கட்டப்பட்ட சுமார் 2,000 கல்வீட்டுத் தொகுப்புகளில் நகரின் பெரும்பான்மை மக்கள் வசித்தனர். எளியோர் வாழ்ந்தவற்றிலும் சுண்ணாம்புப் பூச்சும் வடிகாலும் இருந்தன. தொலைவில் உள்ள ஓஹாகா பகுதியிலிருந்து குடியேறியோர் தமக்கெனத் தனிக் குடியிருப்பு அமைத்து, தம் ஊர் முறையிலேயே இறந்தோரைப் புதைத்து வந்தனர். கி.பி. 550-ஐ ஒட்டி நகரின் நடுப்பகுதி தீக்கிரையாயிற்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்து நடு மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் அந்த இடிபாடுகளைக் கண்டு, மனிதரால் இயலாதது எனக் கருதித் தெய்வங்களோடு தொடர்புபடுத்திப் பெயரிட்டனர்.

மாயர்களின் எழுத்தை எவ்வாறு படித்தனர்?

மாயர்கள் மெசோஅமெரிக்காவின் கிழக்கே, யுகட்டான் தீபகற்பத்திலும் குவாத்தமாலாவிலும் நகரங்கள் எழுப்பிய மக்கள். அவர்களது எழுத்தில் சொல்லைக் குறிக்கும் குறிகளும் அசையைக் குறிக்கும் குறிகளும் கலந்து வரும். ஜாகுவார் என்னும் சிறுத்தை இன விலங்குக்கு அவர்கள் மொழியில் பலாம் என்று பெயர். அதனை விலங்கின் தலையை வரைந்து ஒரே குறியால் எழுதலாம்; ப, ல, ம என்று மூன்று அசைக்குறிகளைச் சேர்த்து, கடைசி அசையின் உயிரொலியை விட்டுவிட்டும் எழுதலாம். உயிர்மெய் எழுத்துக்கு நன்கு பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். மேலை அறிஞர்கள் பலருக்கு இது விளங்கப் பல தலைமுறைகள் ஆயின.

தாமதத்துக்கு வேறு காரணமும் உண்டு. யுகட்டான் பகுதியில் பணியாற்றிய டியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1562-இல் மானி என்ற ஊரில், சாத்தானின் பொய்கள் என்று கூறி மாயர்களின் ஏடுகளைக் குவித்து எரித்தார். அத்திமர வகையின் பட்டையால் செய்து மடித்த அந்த ஏடுகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே. அவை டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ், மெக்சிகோ நகரங்களில் உள்ளன. ஏடுகளை எரித்த அதே லாண்டாதான், மாயர் ஒருவரிடம் ஸ்பானிய எழுத்துகளின் பெயரைச் சொல்லி, அவற்றுக்கு உரிய மாயக் குறிகளை எழுதி வாங்கித் தம் நூலில் பதிந்தும் வைத்தார். அவர் கேட்டது எழுத்து. மாயர் எழுதித் தந்தது அசை. அதனால் அந்தப் பட்டியல் நெடுங்காலம் பயனற்றதாகத் தோன்றியது. 1952-இல் லெனின்கிராடில் பணியாற்றிய யூரி நோரோசோவ், அது அசைப்பட்டியல் எனக் கொண்டு படித்துக் காட்டினார். 1960-இல் தத்தியானா ப்ரோஸ்கூரியாகோவ், பியத்ராஸ் நெக்ராஸ் நகரின் கல்வெட்டுகளில் வரும் ஆண்டுகளின் இடைவெளி ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதைக் கவனித்து, அவை பிறப்பையும் முடிசூட்டலையும் கூறும் அரச வரலாறு என நிறுவினார். அதன்பின் கற்கள் பேசத் தொடங்கின. பலெங்கே நகரை கி.பி. 615 முதல் 683 வரை ஆண்ட பக்கால் என்னும் அரசரின் பெயரை இன்று நாம் சொல்ல முடிவது இந்த உழைப்பால்தான்.

பூச்சியத்தை மாயர்களும் கண்டுபிடித்தனரா? 2012-இல் உலகம் அழியும் என்று அவர்கள் கூறினரா?

முதல் கேள்விக்கு விடை, ஆம். புள்ளி ஒன்றையும் கோடு ஐந்தையும் குறிக்க, சிப்பி போன்ற ஒரு வடிவம் பூச்சியத்தைக் குறித்தது. இருபதின் அடுக்குகளாக இடமதிப்பு ஏறியது. இம்முறையில் எழுதிய நெடுங்கணக்குத் தேதிகள் (ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாள்களை எண்ணும் நாள்காட்டி முறை) கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் பழையவை மாயர் நிலத்துக்கு வெளியே கிடைத்திருப்பதால், இம்முறை அண்டை மக்களிடம் தொடங்கியிருக்கலாம். இந்தியாவில் பூச்சியம் பிறந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவதற்கு விடை, இல்லை. நெடுங்கணக்கு கி.மு. 3114 ஆகஸ்டு மாதத்திலிருந்து நாள்களை எண்ணுகிறது. 1,44,000 நாள்கள் கொண்ட பக்தூன்கள் பதின்மூன்று நிறைந்த நாளே 2012 டிசம்பர் 21. வண்டியின் ஓட்டமானி ஒரு சுற்று முடித்து அடுத்ததைத் தொடங்குவது போன்றது அது. பலெங்கே கல்வெட்டு ஒன்று, பக்கால் முடிசூடிய நாளின் நினைவு கி.பி. 4772-இலும் வரும் என்று கணக்கிட்டு எழுதியுள்ளது. உலகம் 2012-இல் முடியும் என்று எண்ணியவர்கள் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்கள்.

மாயர்கள் திடீரென மறைந்துவிட்டனரா?

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் தெற்குத் தாழ்நிலத்து நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. ஏரிப்படிவுகளும் குகைகளின் சுண்ணக்கல் படிவுகளும் அக்காலத்தில் நீண்ட வறட்சிகள் நிலவியதைக் காட்டுகின்றன. அதோடு நகரங்களுக்கிடையே ஓயாத போர்களும் இருந்தன. நெடுங்கணக்கில் எழுதிய கடைசிக் கல்லின் தேதி கி.பி. 909. ஆயினும் மக்கள் அழியவில்லை. வடக்கே சிச்சென் இட்சாவும் மாயபானும் பின்னர் எழுந்தன. ஏரித்தீவில் இருந்த கடைசி மாய அரசு ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697-இல்தான். இன்றும் சுமார் 30 மாயா மொழிகளை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். மறைந்த மர்ம இனம் என்று அவர்களைப் பற்றி எழுதுவது, குவாத்தமாலாவில் தம் தாய்மொழிக்காகப் போராடி வருவோரை அவமதிப்பதாகும்.

மாயர்கள் தமிழர்களா?

இல்லை. மயன் என்ற பெயரோடு உள்ள ஒலியொற்றுமையையும், படிப்படியாக உயரும் கோபுர வடிவையும் காட்டி இவ்வாறு பலர் எழுதிவருகின்றனர். ஒலியொற்றுமை மட்டும் உறவாகாது. மாயா மொழிகள் தனிக் குடும்பம். அவற்றின் இலக்கணத்துக்கும் திராவிட மொழிகளின் இலக்கணத்துக்கும் மரபுத் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை. உயரமாகக் கட்ட விரும்பும் எவரும் அடியை அகலமாக்கி மேலே குறுக்கித்தான் கட்டியாக வேண்டும். கோப்பான் நகரின் ஒரு சிலையில் யானை இருப்பதாகச் சொல்லப்பட்டது. அது மக்காவ் கிளியின் அலகு என்பது தெளிவாகிவிட்டது. நம் கடலோடிகள் அங்கே சென்று திரும்பியிருந்தால், மிளகாய்க்கும் மக்காச்சோளத்துக்கும் நாம் 16-ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்திருக்கமாட்டோம். மெய்யான தொடர்பு இத்தகைய தடத்தை விட்டுச்செல்லும் என்பதற்குச் சர்க்கரைவள்ளியே சான்று: பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்களிடம் அது கொலம்பசுக்கு முன்பே போய்ச்சேர்ந்திருந்தது. தமிழின் பெருமைக்குப் பிற மக்களின் உழைப்பைக் கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை.

சக்கரமும் இரும்பும் ஏன் இல்லை?

சக்கரம் அவர்களுக்குத் தெரியும். வெராக்ரூஸ் பகுதியில் சக்கரம் பூட்டிய சுடுமண் விலங்குப் பொம்மைகள் கிடைத்துள்ளன. வண்டியை இழுக்க மாடும் குதிரையும் இல்லை என்பதே காரணம். அமெரிக்கக் குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. ஆண்டீஸில் இருந்த லாமா பொதி சுமக்கும், வண்டி இழுக்காது. இரும்பை உருக்கவில்லையாயினும் பொன், வெள்ளி, செம்பு, வெண்கல வேலைகளில் ஆண்டீஸ் கம்மியர் தேர்ந்தவர்கள்.

எழுத்தில்லாமல் இன்காக்கள் பேரரசை எவ்வாறு ஆண்டனர்?

ஆண்டீஸ் பகுதியில் பேரரசு அமைத்த இன்காக்கள் கயிற்றால் ஆண்டனர். கிப்பு என்பது ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல நிறத் துணைக்கயிறுகள் தொங்கும் கருவி. அவற்றில் இட்ட முடிச்சுகளின் வகையும் இடமும் எண்ணைக் குறித்தன: கீழே ஒன்றுகள், அதற்கு மேலே பத்துகள், மேலும் மேலே நூறுகள்; முடிச்சில்லாத வெற்றிடம் பூச்சியம். இந்தப் பதின்ம முறையை 1912-இல் லீலண்ட் லாக் விளக்கிக் காட்டினார். மக்கள்தொகையும், களஞ்சிய இருப்பும், ஒவ்வோர் ஊரும் அரசுக்குத் தரவேண்டிய உழைப்பும் இவ்வாறு பதிவாயின. எண்ணோடு சொல்லையும் சில கிப்புகள் தாங்கியிருக்கலாம் என்ற ஆய்வு நடந்துவருகிறது.

15-ஆம் நூற்றாண்டில் பச்சகூட்டி என்ற அரசர் காலத்தில் விரியத் தொடங்கிய அப்பேரரசு ஒரு நூற்றாண்டுக்குள் கொலம்பியாவின் தெற்கிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை பரவியது. சுமார் 30,000 கி.மீ. நீளமான சாலைகளில் சாஸ்கி எனப்பட்ட அஞ்சலோட்டக்காரர்கள் மாறி மாறி ஓடிச் செய்தி சேர்த்தனர். மலையின் இரவுக் குளிரில் உருளைக்கிழங்கை உறையவிட்டு, பகலில் மிதித்து நீர் போக்கி, வெயிலில் உலர்த்தி எடுத்த சூனியோ ஆண்டுக்கணக்கில் கெடாமல் களஞ்சியங்களில் இருந்தது.

நரபலி இருந்ததா?

இருந்தது. அதனை மறைப்பதில் பயனில்லை. மெக்சிகோ நகரில் அஸ்டெக் பெருங்கோயிலுக்கு அருகே 2015 முதல் தோண்டப்பட்ட மண்டையோட்டுக் கோபுரத்தில் 600-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றுள் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அதே வேளையில், படையெடுப்பை நியாயப்படுத்த விரும்பிய ஸ்பானியர் எழுதிய எண்ணிக்கைகளை அப்படியே ஏற்பதற்கில்லை.

வட அமெரிக்காவில் நகரங்கள் இல்லையா?

இருந்தன. மிசிசிப்பி ஆற்றங்கரையில், இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, கஹோக்கியா என்ற நகரம் கி.பி. 1050-க்குப் பின் சில தலைமுறைகள் செழித்தது. கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய அதன் பெரிய மேடு சுமார் 30 மீட்டர் உயரம்.

ஒருசில நூறு ஸ்பானியர் பேரரசுகளை எவ்வாறு வீழ்த்தினர்?

அவர்கள் தனியாக வீழ்த்தவில்லை. 1519-இல் சில நூறு வீரர்களோடு இறங்கிய கோர்த்தேசுக்கு, அஸ்டெக்குகளின் பகைவரான த்லஸ்காலா மக்கள் பல்லாயிரக்கணக்கில் துணை நின்றனர். 1520-இல் பெரியம்மை பரவியது. அஸ்டெக் அரசர் குயித்லாவாக்கே அதற்குப் பலியானார். ஏரியின் நடுவே மிதவை வயல்போன்ற சினாம்பா தோட்டங்கள் சூழ விளங்கிய அஸ்டெக் தலைநகர் தெனோச்டிட்லான் 1521 ஆகஸ்டு 13-இல் வீழ்ந்தது. பெருவில், இன்கா இளவரசர்கள் இருவரின் உள்நாட்டுப் போர் முடிந்த தறுவாயில் பிசாரோ வந்தார். 1532 நவம்பர் 16 அன்று 168 பேரோடு காஹமார்காவில் இன்கா அரசர் அதவால்பாவைச் சிறைபிடித்தார். துப்பாக்கியும் குதிரையும் பங்காற்றின. ஆனால் அடுத்த நூறாண்டில் மக்கள்தொகையின் மிகப் பெரும்பகுதியைக் கொண்டுசென்றவை, அவர்கள் உடல் முன்பு அறிந்திராத நோய்களும் கட்டாய உழைப்புமே.

இந்த மரபுகளில் இன்றும் உயிரோடு இருப்பவை உண்டா?

இன்காக்களின் கெச்சுவா மொழியைப் பல லட்சம் பேர் பேசுகின்றனர். நெசவும் சூனியோவும் தொடர்கின்றன. தனித்துக் குறிப்பிடத்தக்கது பெருவின் அபுரிமாக் ஆற்றின் மேல் தொங்கும் கெஸ்வசாகா பாலம். இன்காக் காலத்து முறையில், மலைப்புல்லைத் திரித்துத் தடித்த கயிறாக்கி, ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்மக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அதனைப் புதிதாகக் கட்டுகின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் கூட முடியாமல் போனதால், புதுப்பிக்கப்படாத பழைய பாலம் 2021-இல் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் ஊர்கள் மீண்டும் கூடின. புல் அறுத்து, கயிறு திரித்து, இரு கரைகளிலிருந்தும் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தனர்.